மிசியம்மா பங்களாவின் பின்வாசல்

மிஷனரிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சு இருக்கிறது. ஒன்று, ரொட்டியைக் காட்டி மதம் மாற்ற வந்த அந்நியக் கூட்டம் என்கிற பேச்சு. இன்னொன்று சபைகளின் நூற்றாண்டு மலர்களில் அச்சாகும் பேச்சு: கடல் கடந்து வந்தார்கள், காய்ச்சலில் கிடந்தார்கள், நமக்காக உயிரையே கொடுத்தார்கள். முதல் வகைக்காரர்களுக்கு நாமும் யோசித்து முடிவெடுக்கிற மனிதர்கள்தான் என்று ஒத்துக்கொள்ள மனமில்லை. இரண்டாம் வகைக்காரர்கள் நம்மை நன்றி சொல்ல மட்டும் கூப்பிடுகிறார்கள். இரண்டு தரப்பும் மிஷன் பங்களாவை முன்வாசலில் நின்றுதான் பார்க்கின்றன. தண்ணீர் கொண்டு போனவர்களும் பிள்ளை தூக்கினவர்களும் எச்சில் பாத்திரம் கழுவினவர்களும் நின்ற இடம் பின்வாசல். அங்கே நின்று பார்த்தால் என்ன தெரியும் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

எடுத்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதையையே. 1819 கடைசியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். லண்டன் மிஷனரி சங்கத்தார் அனுப்பியவர்கள். 1850களின் நடுவில் ஊர் திரும்பும்வரை ஏறக்குறைய முப்பத்தைந்து வருடம் அதே ஊரில் குடித்தனம் நடத்தினார்கள். அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில் இவ்வளவு காலம் ஒரே இடத்தில் வாழ்ந்த வெள்ளைக்காரத் தம்பதி அபூர்வம். அவர்களுக்கு முன்னால் 1818இல் வந்தவர் சார்லஸ் மீட். கூட வந்த முதல் மனைவியைப் பயண வழியில் பினாங்கில் அடக்கம் பண்ணிவிட்டு வந்தவர். பிறகு தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஹார்ஸ்ட் என்ற ஜெர்மானியரின் மகள் ஜொஹானாவைக் கல்யாணம் செய்தார். மீட் குடும்பம் 1828 முதல் பத்து மைல் மேற்கே நெய்யூரில் இருந்தது. எங்கள் சனங்கள் இவர்களை மீட் ஐயர், மால்ட் ஐயர் என்றும், மனைவிமாரை மிசியம்மா என்றும் கூப்பிட்டார்கள். சாமியைத் தொடுகிறவன் எவனானாலும் அவனுக்கு 'ஐயர்' என்றுதான் பெயர் வைக்கத் தெரிந்த சமூகம்! இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஐயர்மாருக்கு முன்னால் ஒருவர் இருந்தார். மயிலாடியைச் சேர்ந்த பறையர், மகாராசன் வேதமாணிக்கம். சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போனவர் தஞ்சாவூரில் கிறிஸ்தவராகி, மிஷனரி ஒருவரை எங்கள் ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கினார். அப்படி 1806இல் வந்தவர்தான் ரிங்கல்தௌபே. தனிக்கட்டை. சின்ன வீடு, கிழிந்த உடுப்பு. 1816இல் அவர் போனபோது மிஷனை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார். அடுத்த மிஷனரி வரும்வரை ஏறக்குறைய இரண்டு வருடம் திருவிதாங்கூர் மிஷனை நடத்தியவர் ஒரு பறையர். மிஷனரி வந்து நம்மைக் 'கண்டெடுத்தார்' என்று இனி யாராவது சொன்னால், கூப்பிட்டனுப்பியது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.

தனிக்கட்டைக்கு ஒரு பெட்டியும் கட்டிலும் போதும். தம்பதி வந்தால் குடித்தனம் வரும், குடித்தனத்துக்குப் பங்களா வரும், பங்களாவுக்கு வேலைக்காரர் வருவார்கள். ரெசிடென்ட் கர்னல் மன்றோவின் தயவில் நாகர்கோவிலில் மிஷனுக்குப் பங்களா கிடைத்தது. ராணி கௌரி பார்வதி பாயி கொடுத்த 5000 ரூபாயில் நெல்வயல் வாங்கி, அதன் வருமானத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டு வயலில் சேற்றில் இறங்கியது யார் என்பதை நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தம்பதிகளின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். விடியும் முன்னே மணி அடிக்கும். வெயில் ஏறுவதற்குள் ஜெபம் முடியும். ஐயருக்கு உபதேசிமாரின் கணக்கு கேட்க வேண்டும், 1820 வாக்கில் தொடங்கின அச்சுக்கூடத்தின் புரூஃப் பார்க்க வேண்டும், கோயில் கட்டுகிற கொத்தனாரோடு மல்லுக்கட்ட வேண்டும், ஊழியம்செய்து அடிபட்டு வந்தவனுக்காகச் சர்வாதிக்காரருக்கு மனு எழுத வேண்டும். பிறகு ஊர்களுக்குப் பயணம். லண்டனுக்குக் கடிதம் எழுதினால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும். பதில் வருவதற்குள் கேட்ட காரியமே பழசாகிவிடும். மிசியம்மாவுக்கு விடுதிப் பிள்ளைகளின் சாப்பாடு, பெண்பள்ளி, தையல், காய்ச்சல்காரருக்கு மருந்து, இதுபோகத் தன் பிரசவம், தன் பிள்ளை. இத்தனை வேலைக்கும் மார்த்தாவுக்குச் சங்கத்தில் உத்தியோகம் கிடையாது, சம்பளம் கிடையாது. மிஷனரி என்றால் புருஷன். அவள் 'மிஸஸ் மால்ட்'. அந்தச் சங்கம் தனிப் பெண்களை முறையாக மிஷனரிகளாக நியமிக்கத் தொடங்கியதே 1875இல்தான். மார்த்தா 1870இல் இறந்துவிட்டாள்.

வெள்ளைக்காரியின் உழைப்பு அறிக்கையில் பாதி மறைந்தது என்றால், அவளுக்குக் கீழே உழைத்தவர்கள் முழுசாகவே மறைந்தார்கள். சென்னை ராஜதானியில் எந்த ஐரோப்பியக் குடித்தனமும் சமையல்காரர், பட்லர், ஆயா, தண்ணீர்க்காரர், குதிரைக்காரர், புல்லறுக்கிறவர், தோட்டி என்று ஒரு கூட்டம் இல்லாமல் நடக்காது. இதில் பெரும்பகுதியை யார் செய்தார்கள் என்பதற்குப் பாதிரியார் துபுவாவே சாட்சி. 1792 முதல் முப்பது வருடம் தென்னாட்டில் இருந்த பிரெஞ்சுக்காரர் அவர். மாட்டுக்கறி சமைக்கவும் செருப்பைத் துடைக்கவும் மலச்சட்டியைத் தூக்கவும் மற்ற சாதியார் வரமாட்டார்கள், அதனால் ஐரோப்பியர் பறையர்களை வைத்துக்கொள்கிறார்கள், அதனாலேயே ஐரோப்பியருக்கு இந்துக்களிடம் மதிப்பில்லை என்று எழுதினார். அதாவது வெள்ளைக்காரன் வீட்டுத் தீட்டுக்கும் நாம்தான் காரணம்! உழைப்பையும் கொடுத்து, அவமானத்துக்கும் நம்மையே பொறுப்பாக்கினார்கள்.

பயணத்தையும் யோசியுங்கள். புலையர் பிராமணரிடமிருந்து 96 தப்படி தள்ளி நிற்க வேண்டும், சாணார் 36 தப்படி தள்ளி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை 1871இல் சாமுவேல் மட்டீர் தன் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். இப்படி அளந்து பிரித்த சாலையில்தான் ஐயரின் பல்லக்கும் வண்டியும் போயின. வெள்ளைக்காரருக்கு வழி திறந்த அதே சாலையில், அவருக்குப் பின்னால் பெட்டி சுமந்து போனவன் எந்த ஓரத்தில் நடந்தான், எதிரே நம்பூதிரி வந்தால் எங்கே குதித்தான்? பயணக் குறிப்புகளில் தென்னையும் மலையும் வருகின்றன. இது வரவில்லை.

இவ்வளவும் சொன்னதால் அந்தப் பங்களாவால் நமக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நடந்தது. அதுவும் வராந்தாவில் நடந்தது.

மார்த்தா இங்கிலாந்தின் டெவன் பகுதி ஹானிட்டனைச் சேர்ந்தவள் என்பார்கள். ரேந்தைப் பின்னலுக்குப் பேர்போன ஊர் அது. 1821 வாக்கில் பெண்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வேலையை அவள் சொல்லிக்கொடுத்தாள். உருளைத் தலையணை, அதன்மேல் குத்தின ஊசிகள், நூல் சுற்றின மரக்குச்சிகள். குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டால் பூ விழும். வெள்ளைக்காரக் குடும்பங்கள் அதை விலைக்கு வாங்கின. 1851இல் லண்டனில் நடந்த பெரிய கண்காட்சிவரைக்கும் நாகர்கோவில் ரேந்தை போனது.

இதில் நமக்கு முக்கியம் பூவல்ல, பணம். அந்த வராந்தாவில் உட்கார்ந்த பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தார்கள். 1836 கணக்குப்படி திருவிதாங்கூர் சனத்தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864. எட்டுப் பேரில் ஒருவருக்கும் மேல். பறையர், புலையர், குறவர் என்று நம் சாதிகள்தான். வாங்கலாம், விற்கலாம், ஒற்றி வைக்கலாம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்பிள்ளைகளில் சிலர், ரேந்தை விற்ற காசில் தங்கள் விலையைத் தாங்களே கொடுத்து விடுதலை ஆனார்கள். தன்னுடைய உடம்புக்கான கிரயத்தைத் தன் விரலால் பின்னிக் கொடுத்த பெண்களை நீங்கள் எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தீர்கள்? 1847இல் மிஷனரிகள் அடிமைமுறையை ஒழிக்கக் கேட்டு மகாராஜாவுக்கு மனுக் கொடுத்தார்கள். 1853இல் ஒரு பிரகடனம், 1855இல் முழு விடுதலைப் பிரகடனம். வரலாறு இந்தத் தேதிகளைத்தான் எழுதுகிறது. அந்தப் பிள்ளைகளோ பிரகடனம் வருமுன்பே கணக்கை முடித்துவிட்டவர்கள். அவர்களை 'விடுவிக்கப்பட்டவர்கள்' என்று எழுதுவதைவிட 'விடுதலை வாங்கினவர்கள்' என்று எழுதுவதுதான் நியாயம்.

எங்க பாட்டியும் ரேந்தை பின்னினவள். அவள் காலத்தில் அது கூலி வேலை. எத்தனை முழம் என்று அளந்துதான் காசு. ஏன் பாட்டி இதையே கட்டிக்கிட்டு அழுத என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணு போவும் மக்ளே, ஆனா வயல்ல போயி ஒருத்தன் வாயில விழண்டாம்லா" என்றாள். ஆயிரம் பக்க ஆராய்ச்சிக்கு இந்த ஒரு வாக்கியம் ஈடு. வேலை சுரண்டல்தான், பின்னினவள் அந்த ரேந்தையை ஒருநாளும் உடுத்தவில்லைதான். ஆனாலும் பண்ணையாரின் குரல் எட்டாத ஒரு திண்ணையை அது கொடுத்தது. சுரண்டலும் தப்பிப்பும் ஒரே தலையணையில் பின்னிக் கிடந்தன.

தையல் ஊசிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. மார்பை மறைப்பது கீழ்சாதிப் பெண்ணுக்குக் குற்றம் என்றிருந்த நாட்டில், 1814இல் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று உத்தரவு போட வைத்தார். மிசியம்மாமார் தளர்வான ஒரு குப்பாயத்தை வெட்டித் தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சாணார் பெண்களோ, எங்களுக்குக் குப்பாயம் மட்டும் போதாது, மேல்சாதிக்காரி போடுகிற தோள்சீலையே வேண்டும் என்றார்கள். 1822இலும் 1820களின் கடைசியிலும் சந்தையிலும் தெருவிலும் துணி கிழிபட்டது. 1829 பிப்ரவரி 3 பிரகடனம் குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையை மறுத்தது. 1858-59இல் மறுபடியும் கலவரம். 1859 ஜூலை 26இல் வந்த பிரகடனமும் சாணார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றது. மிசியம்மாவின் குப்பாயம் மானத்தைக் கொடுத்தது. சமத்துவத்தை அதில் தைத்துக் கொடுக்கவில்லை. அது தெருவில் அடிபட்ட பெண்கள் தாங்களே கேட்டது.

இனி சாப்பாட்டு மேசைக்கு வருவோம். சபைக்குள்ளும் சாதி இருந்தது. வேதமாணிக்கம் தொடங்கின மிஷனில் சாணார்கள் பெருகினதும், கோயிலில் யார் எங்கே உட்காருவது, யார் கையால் யார் சாப்பிடுவது என்ற கேள்விகளும் கூடவே வந்தன. மிஷனரிகள் இதைக் கண்டிக்கத்தான் செய்தார்கள். மதுரையில் அமெரிக்க மிஷனார் 1847இல் உபதேசிமாருக்கு ஒரு சோதனை வைத்தார்கள்: தாழ்ந்த சாதி எனப்பட்டவர் சமைத்ததை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பலர் வேலையே வேண்டாம் என்று போனார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் சாதி விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானம் போட்டது. நல்ல சோதனை, நல்ல தீர்மானம். ஆனால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனையில் சாதி போனதா என்று பார்க்கப்பட்டவர்கள் சாப்பிட்டவர்கள். சமைத்தவர் சோதனைக்கான கருவி. அவர் அந்தப் பந்தியில் உட்கார்ந்தாரா? உபதேசியின் சாதியைச் சோதித்த துரைமார், தங்கள் வீட்டு மேசையில் தங்கள் சமையல்காரருக்கு நாற்காலி போட்டார்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு கல்யாணங்களில் இருக்கிறது.

முதல் கல்யாணம் 1844இல். மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவள். அவளை இடையன்குடியிலிருந்த ராபர்ட் கால்டுவெல் கட்டினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். அவர் சங்கம் வேறு, சபை வேறு. ஆனாலும் கல்யாணத்துக்கு அது தடையாக நிற்கவில்லை. எலைசா இந்த ஊர்ப் பெண்களைப் போலவே தமிழ் பேசுவாள், கணவருக்கு அந்தப் பேச்சுத்தமிழ் உதவியாக இருந்தது என்பார்கள். பங்களாவில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அந்தத் தமிழ் எங்கிருந்து வந்திருக்கும்? அகராதியிலிருந்து வந்திருக்காது. ஆயாவின் இடுப்பிலிருந்தும், அடுக்களைத் திண்ணையிலிருந்தும், ரேந்தை வராந்தாவிலிருந்தும்தான் வந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். திராவிடம் பேசுகிற நம் தலைவர்கள் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தார்கள். அவர் வீட்டுத் தமிழின் ஊற்றுக்கண்ணை ஒருவரும் தேடவில்லை.

இரண்டாவது கல்யாணம் 1850களின் தொடக்கத்தில். ஜொஹானா 1848இல் இறந்துபோனாள். மீட் ஐயருக்கு அறுபதை ஒட்டிய வயது. மூத்த மிஷனரி. மிஷன் நிலையங்களை உண்டாக்கினவர், அச்சுக்கூடம் தொடங்கினவர், நாகர்கோவிலில் கொஞ்சகாலம் நீதிபதியாகக்கூட இருந்தவர். அவர் தேவவரம் என்ற மிஷன் ஊழியரின் மகள் லோயிஸ் பிடல்ஃபைக் கல்யாணம் செய்தார். அவள் பறையர் குடும்பத்துப் பெண்.

முப்பது வருடம் கூட உழைத்த சக ஊழியர்கள் இதை ஏற்கவில்லை. மீட் லண்டன் மிஷனரி சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. பிறகு திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் அச்சுக்கூடத்தையும் பள்ளிகளையும் மேற்பார்க்கும் வேலை செய்து, 1873 ஜனவரி 13இல் இறந்தார்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாதி விடாத கிறிஸ்தவன் கிறிஸ்தவனே இல்லை என்று 1850இல் தீர்மானம் போட்ட காலம். அதே சில வருடங்களுக்குள், சாதியைத் தன் வீட்டிலேயே உடைத்த மிஷனரிக்கு மிஷனில் இடமில்லை. பறையன் சமைத்ததைச் சாணான் சாப்பிட வேண்டும், சரி. பறைச்சி மிசியம்மா ஆகலாமா? அங்கேதான் கதவு சாத்தியது. கோயிலில் ஒரே பாத்திரம், பள்ளியில் ஒரே பாய், எல்லாம் முன்வாசல்வரை. பின்வாசலில் நின்றவள் வீட்டுக்காரியாக உள்ளே நுழைந்ததும் நிறவெறியும் சாதியும் கைகோத்துக்கொண்டன.

இதைச் சொல்லிவிட்டு மீட்டை நம் வீரராக்கிச் சிலை எழுப்பவும் நான் தயாரில்லை. அறுபது வயசு துரை, அவரிடம் சம்பளம் வாங்கின சமூகத்தின் பெண். அந்தக் கல்யாணத்தில் லோயிஸின் சம்மதம் எப்படிப்பட்டது? அவளுக்கு வேண்டாம் என்று சொல்கிற வழி இருந்ததா? அல்லது, இத்தனை பேர் முகம் சுளித்தபோதும் துணிந்து நின்றவள் அவள்தானா? நான் படித்த நூல்களில் மீட்டின் நேர்மையைப் பற்றியும் சக ஊழியரின் கோபத்தைப் பற்றியும் வருகிறது. லோயிஸ் பேசின ஒரு வார்த்தை இல்லை. அவள் பெயரையே பாருங்கள். மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளின் செலவுக்குப் பணம் அனுப்பின இங்கிலாந்துக்காரரின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் இருந்தது. எந்தப் பறையர் குடும்பத்திலும் பிடல்ஃப் என்று பெயர் கிடையாது. யாரோ ஒரு தர்மவானின் பெயரைச் சுமந்துகொண்டு, தகப்பன் தேவவரத்தின் மகளாகவும் மீட்டின் மனைவியாகவும் மட்டும் வரலாற்றில் நிற்கிறாள். பண்ணையார் வைத்த பெயர் போய்த் துரை வைத்த பெயர் வந்தது. அவளாக வைத்துக்கொண்ட பெயர் எது?

மிஷன் வரலாறு என்பது நமக்கு நன்றிக்கடனும் அல்ல, பழிவாங்கும் கணக்கும் அல்ல. அது நம்முடைய வேலை வரலாறு. கூப்பிட்டனுப்பின வேதமாணிக்கத்தில் தொடங்கி, விலை கொடுத்து விடுதலை வாங்கின பிள்ளைகள் வழியாக, லோயிஸ்வரைக்கும் வருகிற வரலாறு. மிஷனரித் தம்பதிகள் கொண்டுவந்த சமத்துவத்தை அவர்களுடைய பிரசங்கத்தை வைத்து அளந்தால் மலை மாதிரித் தெரியும். வீட்டை வைத்து அளந்தால்தான் அதன் சரியான உயரம் தெரியும். அந்த உயரத்தைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு, ஏனென்றால் அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கினவர்கள் நாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். 1903இல் ஆகூர் எழுதின திருவிதாங்கூர் சபை வரலாற்றை மறுபடியும் எடுத்து, ஐயர்மாரை விட்டுவிட்டு, இடையில் ஒருதரம் மட்டும் வந்து போகிற பெயர்களைக் குறியுங்கள். பழைய சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கல்யாணப் பதிவேடுகளையும் கரையான் தின்னுமுன்பே பாருங்கள். ரேந்தை பின்னின கிழவிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மிசியம்மாவைப் பற்றிக் கேட்காதீர்கள். அதைத்தான் இதுவரை எல்லாரும் கேட்டார்கள். உன் ஆத்தா யாரிடம் இதைப் படித்தாள், கூலி எவ்வளவு, அந்தக் காசில் முதலில் என்ன வாங்கினாள் என்று கேளுங்கள்.